காசி பேரில் ஊதிய ஆள்

முப்பத்தோரு வருஷம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், "ஊதச் சொன்னேன்" என்பேன். அதுதான் உண்மை. "நல்லா மூச்சை இழுங்க, இன்னும், இன்னும்... ம், இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, வாயை எடுக்காதீங்க அண்ணே, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அவ்ளோதான்!" நுரையீரல் பரிசோதனை அறைக்கு ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால், ஆளுக்கு மூன்று தரம் என்று இந்தப் பாட்டை அறுபது தரம் பாடியாக வேண்டும். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தக் குழந்தைக்குப் பிறந்தநாள் வந்தாலும், மெழுகுவர்த்தி ஏற்றியதும் "ஜெசிந்தா அக்கா எங்க?" என்று என்னைத்தான் தேடுவார்கள்.

போன மாதம் நான் வேலை பார்த்த பிரிவுக்குப் புது எந்திரம் வந்திருக்கிறது. திரையில் பலூன் பொம்மை வருமாம். சரியாக ஊதினால் பலூன் பெரிதாகும், ஏமாற்றினால் சுருங்கிவிடும். அங்கே இப்போது இருக்கும் இரண்டு பெண்கள் போனில் கேட்டார்கள்: "மேடம், இது இல்லாத காலத்துல யார் நிஜமா ஊதறா, யார் நடிக்கறான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்." அதனால்தான் இது.

படித்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தேன். ரயிலேறி நகரத்துக்குப் போய் டிப்ளமோ படித்தேன், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு மாதம் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டேன். அப்புறம் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்தவள், அங்கேயே ஓய்வு பெற்றேன். எனக்குக் கொடுத்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் மெயின் ரோட்டைப் பார்த்து. காலையில் துடைத்துவிட்டுப் போனால் சாயங்காலம் ஜன்னல் கட்டையில் படிந்த தூசியில் விரலால் என் பெயரை எழுதலாம். ஒருநாள் எழுதியும் வைத்தேன். அதைத்தான் எங்கள் நெஞ்சு டாக்டர் பத்மநாபன் முதன்முதலில் கவனித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சார். துடைச்சிடறேன்."

"வேணாம், இருக்கட்டும். தேதியும் போடுங்க," என்றார். சிரிக்கவே இல்லை.

அவர் அப்படித்தான். குரலை உயர்த்தமாட்டார், பென்சிலில்தான் எழுதுவார், ரிப்போர்ட்டில் எண்ணைப் பார்க்கமாட்டார். முதலில் எந்திரம் வரைந்த ஊதல் படத்தைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார். "ஊதினது நிஜமா ஜெசிந்தா?" நான் ஆமாம் என்றால்தான் எண்ணுக்குக் கண் போகும். முப்பத்தோரு வருஷத்தில் என் வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தவர் வேறு யாரும் கிடையாது, என் வீட்டுக்காரர் உட்பட.

நெஞ்சு டாக்டர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "சிகரெட் உண்டா?" இவர் அதைக் கடைசியில் கேட்பார். முதல் கேள்வி எப்போதும், "காலையில எழுந்ததுலேருந்து எங்கெங்க நிப்பீங்க?" உட்காருவீர்களா, படுப்பீர்களா என்றெல்லாம் கேட்கமாட்டார். எங்கே நிற்பீர்கள், எவ்வளவு நேரம், அங்கே உங்களுக்குப் பக்கத்தில் என்ன நிற்கும். பூந்தமல்லியிலிருந்து இட்லி விற்கும் ஒரு அம்மா வந்தார். பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி. கேட்கக் கேட்கத் தெரிந்தது, பஸ் வந்து நின்றால் அதன் புகைக்குழாய் சரியாக இட்லிப் பானைக்கு நேராக வருகிறது. டாக்டர் மருந்துச் சீட்டின் மேலேயே எழுதினார்: "வண்டியை இருபது அடி முன்னால் தள்ளவும்." அந்த அம்மா அதை மருந்துக்கடையில் நீட்டி, "இந்த மாத்திரை மட்டும் இல்லேன்றான்பா" என்று திரும்பி வந்து நின்றார். நான் படித்துக் காட்டியதும் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமல் வந்து, மறுபடி ஒருமுறை ஊத வைக்க வேண்டியதாயிற்று.

போகி மறுநாள் எங்கள் வராண்டாவில் நிற்க இடம் இருக்காது. பாதிப் பேர் டயர் எரித்தவர்கள், மீதிப் பேர் அதைத் திட்டியவர்கள், இரண்டு தரப்பும் ஒரே பெஞ்சில். "போகிப் புகை கண்ணுக்குத் தெரியுது, அதனால வர்றாங்க. சும்மா ஒரு செவ்வாக்கிழமை வர்ற புகைக்கு யாரும் வர்றதில்லை," என்பார் டாக்டர்.

சரி, நடிப்பவர்களை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதற்கு வருகிறேன். காலையில் முதல் வேலை, மூன்று லிட்டர் காற்று பிடிக்கும் பெரிய சிரிஞ்சால் எந்திரத்துக்குள் காற்றைத் தள்ளிப் பார்ப்பது. எந்திரமும் மூன்று என்று சொன்னால்தான் ஆட்களைக் கூப்பிடுவேன். வருபவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு குதிகால் ஒட்ட நிறுத்தி, உயரம் அளப்பேன். வயது, உயரம், ஆணா பெண்ணா, இவற்றை வைத்துத்தான் அந்த ஆள் எவ்வளவு ஊத வேண்டும் என்று கணக்கு வரும். பிறகு மூக்குக்குக் கிளிப், வாயில் அட்டைக் குழாய், அதைச் சுற்றி உதடு இறுக்கம். ஊதல் ஆறு விநாடியாவது நீள வேண்டும். மூன்று ஊதலும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாக விழ வேண்டும். அதுதான் ரகசியம். நிஜமாக முடியாதவர் மூன்று தடவையும் ஒரே இடத்தில்தான் முடியாமல் போவார். நடிப்பவருக்கு அது வராது. ஒன்று மலை மாதிரி இருக்கும், ஒன்று பள்ளம் மாதிரி இருக்கும். எவ்வளவு பெரிய நடிகராலும் தன் சோர்வை மூன்று தரம் ஒரே அளவில் நடிக்க முடியாது.

ஆனால் காசி விஷயத்தில் மூன்றும் அச்சாக விழுந்தன. அதுவும் அற்புதமாக விழுந்தன.

காசி, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் ஒப்பந்த பஸ்களில் ஒன்றை ஓட்டியவர். வீடு நூம்பலில். அவர்கள் நிறுவனத்தில் டிரைவர்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை எங்களிடம் பரிசோதனை. அன்றைக்கு "காசி!" என்று கூப்பிட்டேன். பெஞ்சில் இருந்த யாரும் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டதும், பக்கத்து ஆள் விலாவில் இடிக்க, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் துள்ளி எழுந்து வந்தார். சட்டை தோளில் பிடித்து, பொத்தான்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தன.

"வயசு?"

"முப்ப... நாப்பத்தாறு சிஸ்டர்."

சுவரோடு நிறுத்தினேன். நூற்றி அறுபத்தெட்டு சென்டிமீட்டர். ஊதினார். அடடா, என்ன ஊதல்! நாதஸ்வரம் வாசிக்கப் போயிருக்கலாம். பழைய கார்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். போன வருஷம் காசியின் உயரம் நூற்றி அறுபத்தொன்று.

நாற்பதுக்கு மேல் மனிதனுக்கு வயிறு வளரும், கடன் வளரும், காது முடி வளரும். ஏழு சென்டிமீட்டர் உயரம் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னா சிஸ்டர், நல்லா ஊதலியா?" என்றார்.

"ரொம்ப நல்லா ஊதினீங்க. அதான் பிரச்சினை. காசி எங்க?"

பதில் வெளியே பெஞ்சிலிருந்து வந்தது, இருமலாக. வறட்டு இருமல், நாலு நாலாக, நடுவில் மூச்சுக்கு இடமில்லாமல். எட்டிப் பார்த்தால் விலாவில் இடித்த அந்தப் பக்கத்து ஆள், வேட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். அவர்தான் காசி. உள்ளே ஊதியவர் அவருடைய மனைவியின் தம்பி முனுசாமி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள், பூக்கடை. அதனால்தான் நுரையீரல் அப்படி.

இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். காசி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உங்களத் தவிர யாருக்கும் தெரியாது சிஸ்டர். அந்தப் படத்த அப்படியே டாக்டராண்ட வெச்சிருங்க. எனுக்கு ஸ்டேரிங் புடிக்கறதத் தவிர ஒண்ணும் தெரியாது. ரெண்டு பொண்ணு கீது. பெரியது இப்பத்தான் காலேஜு."

படம் என் கையில்தான் இருந்தது. காசியின் கார்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தால் முடிந்தது. நானும் குவார்ட்டர்ஸ்காரி. ஒருவருடைய உத்தியோகம் போனால் ஒரு வீடு எப்படி இருட்டும் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லமாட்டேன், ஒரு நிமிஷம் ஸ்டேப்ளரைக் கையில் எடுத்தேன்.

"வண்டி ஓட்டும்போது இந்த இருமல் வருமா?" என்று கேட்டேன்.

முனுசாமிதான், "சொல்லு மாமே. சொல்லிரு," என்றார்.

"போன மாசம்," என்றார் காசி. "பாடி மேம்பாலத்துல ஏறிக்கினு இருக்கேன். இருமல் புடிச்சிகிச்சு. நிக்கவே இல்ல. கண்ணு ரெண்டும் இருட்டிக்கினு, ரோடே தெரில சிஸ்டர். பின்னாடி நாப்பது லேடீஸ் குந்திகினு கீறாங்க. எப்டி எறக்கத்துல கொண்டாந்து ஓரங்கட்டுனேன்னு எனுக்கே தெரியாது. டயர் பாக்கறேன்னு சொல்லிட்டு எறங்கி, டயராண்டயே குந்தி அழுதேன்."

ஸ்டேப்ளரை மேசைமேல் வைத்தேன். "காசி அண்ணே, வாங்க. நீங்க ஊதுங்க," என்றேன்.

மூன்று ஊதலும் அச்சாக விழுந்தன. போன வருஷத்தைவிட மிகக் கீழே.

இரண்டு படங்களையும் இரண்டு ஆட்களையும் டாக்டரிடம் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முனுசாமியின் படத்தை வெகுநேரம் ரசித்தார். "பிரமாதமான லங்ஸ். உங்களையே பஸ் ஓட்டச் சொல்லலாமே. லைசென்ஸ் இருக்கா?"

"சைக்கிளே நேரா வராது சார்," என்றார் முனுசாமி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

பிறகு காசி பக்கம் திரும்பி வழக்கமான கேள்வியைக் கேட்டார். காசி பெரிதாக எதையும் சொல்லவில்லை. அஞ்சேகால் மணிக்கு ஷெட். வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிற்க விடவேண்டும். ஏர் பிரேக் ஆயிற்றே, டேங்கில் காற்று ஏறினால்தான் வண்டி நகரும், கால் மணி நேரம் ஆகும். பதினொரு பஸ். டாக்டரின் பென்சில் நின்றது.

"பதினொண்ணும் ஒரே நேரத்துலயா?"

"ஆமா சார், எல்லாம் ஆறு மணிக்குக் கெளம்பணுமே."

"ஷெட் திறந்த ஷெட்டா?"

"தொறந்துதான் இருந்திச்சு. எதுத்தாப்ல புச்சா ஃப்ளாட்டு வந்துச்சு. சத்தம், பொகைன்னு அவங்க கம்ப்ளெயிண்ட் குடுத்தாங்க. போன வருசம் நாலு பக்கமும் தகரம் அடிச்சாச்சு."

ஃப்ளாட்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். புகை அவர்கள் கண்ணிலிருந்து மறைந்தது. ஆனால் போகவில்லை, உள்ளேயே நின்றுகொண்டது.

டாக்டர் உடனே எந்த முடிவும் எழுதவில்லை. இரண்டு வாரம் காசி வண்டியைத் தொடக்கூடாது, ஆனால் வழக்கமான நேரத்துக்கு ஷெட்டுக்குப் போகவேண்டும் என்று நிறுவனத்துக்குக் கடிதம் கொடுத்தார். அவசரத்துக்கு மட்டும் ஓர் இன்ஹேலர். நான் ஒரு சின்னக் குழாய் மீட்டரைக் கொடுத்தேன். வாயில் வைத்து ஒரே மூச்சாக ஊதினால் உள்ளே ஒரு முள் நகர்ந்து நிற்கும், அந்த எண்ணை எழுத வேண்டும். எழுந்ததும், ஷெட்டிலிருந்து வெளியே வந்ததும், மத்தியானம், ராத்திரி. காசி தன் சின்னப் பெண்ணின் கணக்கு நோட்டில் கோடு போட்டு, ஒரு வேளை விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். நான் அதை கிராஃப் தாளில் போட்டேன். ரம்பத்தின் பல் மாதிரி வந்தது. தினமும் காலையில் எழுந்ததும் மேலே, ஷெட் முடிந்ததும் தடாலென்று கீழே, ராத்திரிக்குள் மெல்ல மேலே. இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பல்லே இல்லை, நேர்கோடு.

காசி அந்தத் தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். "அப்போ எனுக்கு ஒடம்பு கெட்டுப் போவல, எடம்தான் கெட்டுப்போச்சா?"

"ரெண்டும்," என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணைச் சரி பண்ணலாம்."

அதைச் சரிபண்ண ஷெட் பொறுப்பாளர் ஒத்துக்கொள்ள வேண்டுமே. அவர் பெயர் ஆறுமுகம். மிலிட்டரியிலிருந்து வந்தவர், வேலூர் பக்கம், மீசையும் குரலும் இன்னும் ரிட்டையர் ஆகவில்லை. போனில் சொன்னார்: "ஒரு ஆளுக்கு நெஞ்சு சரியில்லைன்னா ஷெட்டைப் பிரிக்கச் சொல்றீங்களா? மத்த பத்துப் பேர் நல்லாத்தானே ஓட்டறான்?"

"நியாயமான கேள்வி. போய்ப் பாருங்க ஜெசிந்தா," என்றார் டாக்டர்.

ஆறுமுகம் அனுமதி கொடுத்தார். அதைச் சொல்ல வேண்டும், அவர் மறுத்திருக்கலாம். அடுத்த திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட, ஐந்து மணிக்கு நான் ஷெட்டில் இருந்தேன். கையில் மீட்டர், ஒரு பை நிறைய அட்டைக் குழாய்கள். என்ஜின் போடுவதற்கு முன்னால் டிரைவர்களை வரிசையில் நிறுத்தினேன். ஒரே கலாட்டா. "இன்னா சிஸ்டர், போலீஸ் மாதிரி ஊதச் சொல்றீங்க, நேத்து கல்யாண வூடு!" என்று ஒருவர் பின்னால் நழுவினார். "அது இதுல தெரியாது, வாங்க," என்றதும் முதல் ஆளாக வந்துவிட்டார்.

பிறகு பதினொரு என்ஜினும் கிளம்பின. அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். மெயின் ரோட்டு ஜன்னலோடு வாழ்ந்தவள் நான், புகைக்குப் பயந்தவள் இல்லை. ஆனால் அங்கே எதிரே நின்ற பஸ்ஸின் நம்பர் பிளேட் மங்கிக்கொண்டே போனது. நாக்கில் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. கண்ணீர் வழிகிறது, துடைக்கத் துடைக்க வழிகிறது. டிரைவர்கள் பீடியைக் காதில் சொருகிக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆறுமுகம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வண்டியாகப் பார்த்தபடி முதலிலிருந்து கடைசிவரை நடந்தார்.

மறுபடி ஊத வைத்தேன். சிலருக்கு முள் அதே இடத்தில் நின்றது. சிலருக்குக் கொஞ்சம் இறங்கியது. காசியைச் சேர்த்து நாலு பேருக்கு நன்றாகவே இறங்கியது. கல்யாண வீட்டுக்காரர் தன் எண்ணைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டார்.

ஆறுமுகம் தாளை வாங்கிப் படித்தார். "நாலு பேர். சரி. ஆனா நானும் இதே ஷெட்லதான் பன்னண்டு வருஷமா நிக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. குடுங்க இப்படி," என்று மீட்டரை வாங்கினார். எல்லாரும் சுற்றி நின்றார்கள். மார்பை நிமிர்த்தி, மூச்சை இழுத்து, ஊதினார்.

முள் காசியின் எண்ணுக்கே போய்ச் சேரவில்லை.

"குழாய் சரியா வைக்கல," என்றார். புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தேன். இரண்டாவது. அதே இடம். மூன்றாவது தடவை அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். அதே இடம்.

டிரைவர்கள் கால் மணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். கடைசி பஸ் போனபிறகும் ஷெட்டிலேயே நிற்பவர் அவர் ஒருவர்தான். அதை நான் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்தது. மீட்டரை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மணி ஆறாச்சு. வண்டியை எடுங்கடா," என்றார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

தகரத்தைப் பிரித்தால் ஃப்ளாட்டுக்குப் புகை போகும். பிரிக்காவிட்டால் இவர்களுக்கு. ஒரு வாரம் இதே பேச்சு. வழி சொன்னது டாக்டர் இல்லை, நிர்வாகமும் இல்லை, காசி. "பிரேக்குக்குக் காத்துதான சார் வோணும்? பஞ்சர் கடையில டயருக்கு அடிக்கறாப்ல, வெளிலேந்து கம்ப்ரசர்ல டேங்குக்கு அடிச்சிட்டா, எதுக்கு எஞ்சினப் போட்டுகினு நிக்கணும்?" ஒரு மெக்கானிக் வந்து பார்த்து, செய்யலாமே என்று தலையாட்டினார். மின்சாரக் கம்ப்ரசர் ஒன்று, நீளமான பைப், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு இணைப்பு. காற்று நிரம்பியதும் என்ஜினைப் போட்டு ஒரே நிமிஷத்தில் வெளியே. இரண்டு மாதத்தில் செய்து முடித்தார்கள். அதற்கப்புறம் ஃப்ளாட்டிலிருந்தும் புகார் வரவில்லை.

காசியின் ரம்பத்துக்குப் பல் மழுங்கியது. ஒழுங்காக இன்ஹேலர் எடுத்தார். மூன்று மாதம் கழித்து டாக்டர் அவருக்கு வண்டி ஓட்டக் கையெழுத்துப் போட்டார், பென்சிலில் இல்லை, பேனாவில். மற்ற மூன்று பேருக்கும் முள் பழைய இடத்துக்கு ஏறிவிட்டது.

அதே வாரத்தில் ஆறுமுகம் தனியாக வந்தார். முழுப் பரிசோதனை. ஊதினார், மருந்து கொடுத்து இருபது நிமிஷம் உட்கார வைத்து மறுபடி ஊத வைத்தேன். இரண்டு படமும் ஒன்றேதான். மருந்துக்கு அசையவே இல்லை. முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் வாயைத் திறக்கக்கூடாது, அது சட்டம். நான் தாளை மடித்தேன்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. திரும்புமா?" என்றார்.

சட்டத்தை மீறினேன். "திரும்பாது சார். இதுக்கு மேல இறங்காம பார்த்துக்கலாம்."

அவர் கொஞ்ச நேரம் மூக்குக் கிளிப்பைக் கையில் வைத்துத் திறந்து திறந்து மூடினார்.

"பசங்களுக்கு?"

"அவங்களுக்குத் திரும்பிடுச்சு."

"அப்போ சரி," என்று எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வராண்டாவுக்குப் போனவர், டாக்டர் அறைக்கு வெளியே நின்றபடி போனை எடுத்து ஷெட்டுக்குப் பேசுவது எனக்குக் கேட்டது. "டேய், அஞ்சாம் நம்பர் பைப்புல காத்து லீக் ஆகுது, காலையிலயே சொன்னேன். இன்னும் மாத்தலையா? நான் வர்றதுக்குள்ள மாத்தியிருக்கணும். அதுக்குன்னு எவனாவது உள்ள எஞ்சினைப் போட்டீங்க..." மீதியைச் சொல்ல மூச்சு போதவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சை இழுத்துச் சேர்த்துக்கொண்டு, அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார்.